தோரண வாயில்

திருவிழாவுக்கு முந்திய நாள் மாலையில் ஆலய முற்றத்தில் சற்று நேரம் நின்று பார்ப்பது நமக்கு நெடுநாள் வழக்கம். கொடிமரத்தடியில் தென்னங்குருத்துகள் குவிந்து கிடக்கும். பெரியவர்கள் ஓலையை ஈர்க்கினின்று பிரித்து, மடித்து, குருவியாக்கிக் கொண்டிருப்பர். சிறுவர்கள் கயிற்றின் இருமுனைகளையும் இழுத்துப் பிடித்துக்கொண்டு சண்டையிடுவர். "தோரணம் கட்டியாயிற்றா?" என்னும் கேள்வி அன்று பத்துப் பேர் வாயிலிருந்தாவது வந்துவிடும். இவ்வாண்டு, மறைக்கல்வி வகுப்புக்கு வரும் ஒரு சிறுவன், "சாமி, தோரணம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?" என்று கேட்டான். "கட்டித் தொங்கவிடுகிறார்களே, அதுதான்" என்று சொல்லி அனுப்பிவிட்டோம். இரவில் அவ்விடை நமக்கே போதவில்லை. அகராதிகளை எடுத்துப் புரட்டினோம். அப்போது தோன்றிய எண்ணங்களையும், அவற்றோடு சேர்ந்து வந்த ஒரு பழைய நினைவையும் இங்கே எழுதுகிறோம்.

இச்சொல் வடமொழியினின்று வந்து, தமிழில் ஈராயிரம் ஆண்டளவாகக் குடியிருக்கும் சொல். இன்று நாம் இதனைக் கயிற்றில் கோத்த இலை, பூ, ஓலை, தாள் ஆகியவற்றுக்கே வழங்குகிறோம். பழம்பொருள் அதுவன்று, தோரணம் என்பது முதலில் வாயில். இரு தூண்களை நட்டு, அவற்றின்மேல் குறுக்கே ஒன்றோ இரண்டோ மூன்றோ விட்டங்களை ஏற்றிய அலங்கார வாயில். அந்த வாயிலில் மாவிலையும் மாலையும் தொங்கவிட்டனர். காலம் செல்லச் செல்ல, வாயிலின் பெயர் அதில் தொங்கியதற்கு ஆகிவந்தது. தூண்கள் மறைந்தன, இலை மட்டும் பெயரைச் சுமந்து நிற்கிறது. ஆண்டாள் தாம் கண்ட திருமணக் கனவைப் பாடுகையில், தோரணத்துக்குக் 'கட்டுதல்' என்னும் வினையை ஆளவில்லை. 'நாட்டுதல்' என்றே சொல்கிறார். நாட்டப்படுவது கம்பம், கட்டப்படுவது கயிறு. ஒரு வினைச்சொல் மாறியதில் ஒரு பொருளின் வரலாறே அடங்கியிருக்கிறது.

சிலப்பதிகாரத்தில் இந்திர விழவைச் சொல்லும் பகுதியில், கரிகாலன் வடநாட்டு வேந்தரிடமிருந்து பெற்ற மூன்று பொருள்கள் பேசப்படுகின்றன. வச்சிர நாட்டு மன்னன் தந்தது பந்தர். மகத மன்னன் தந்தது பட்டிமண்டபம். அவந்தி மன்னன் தந்தது தோரண வாயில். முதலிரண்டும் திறையாகவும் பகையினின்றும் வந்தவை. மூன்றாவது ஒன்றையே உவந்து கொடுத்தது என்கிறார் இளங்கோவடிகள். அவந்தி என்பது இன்றைய மாளவப் பகுதி. அம்மாளவ மேட்டுநிலத்திலேதான் சாஞ்சியும் இருக்கிறது. இந்நாட்டின் மிகப் புகழ்பெற்ற கல் தோரணங்கள் நான்கும் அங்கேதான் நிற்கின்றன. இவ்விரண்டையும் இணைத்து வரலாறு எழுத நாம் முற்படவில்லை. ஆயினும் தோரணத்தை மகிழ்ந்து கொடுத்தவன் அந்நாட்டான் என்பதைப் படிக்கையில் மனம் ஏனோ நிறைகிறது.

சாஞ்சித் தோரணங்கள் கிறிஸ்து பிறப்பதற்கு முந்திய முதல் நூற்றாண்டைச் சேர்ந்தவை. கல்லாலானவை என்றாலும், கட்டப்பட்ட முறை தச்சனுடையது. மரத்தில் செய்ததை அப்படியே கல்லில் செய்து பார்த்திருக்கிறார்கள். தென்திசைத் தோரணத்தில் இரு கல்வெட்டுகள் உள்ளன. ஒன்று, சாதகர்ணி மன்னனுடைய சிற்பிகளுக்குத் தலைவனாயிருந்த ஆனந்தன் என்பவனது கொடையைக் கூறுகிறது. மற்றொன்று, அங்குள்ள சிற்ப வேலையை விதிசை நகரத்துத் தந்தச் சிற்பிகள் செய்தனர் என்கிறது. யானைத் தந்தத்தில் அணுவளவாகச் செதுக்கிப் பழகிய கைகள் அந்தப் பெருங்கல்லில் வேலை செய்திருக்கின்றன. செய்தவன் பெயர் செய்த பொருளிலேயே நிற்பது நம் நாட்டில் அரிது. இதனை ஏன் இங்கே சொல்கிறோம் என்பது பின்னர் விளங்கும்.

தமிழ்நாட்டிலும் கல் தோரணம் பழையதே. விழுப்புரம் மாவட்டத்துத் தளவானூரில் மகேந்திரவர்மப் பல்லவன் ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடைவித்த குகைக்கோயிலின் முகப்பில், தூண்களுக்கு மேலே மகர தோரணம் வளைந்து செல்வதை இன்றும் காணலாம். சிற்ப நூல்கள் பத்திர தோரணம், மகர தோரணம், சித்திர தோரணம் என வகை பிரிக்கும். பத்திரம் என்றால் இலை. வாயிலில் தொங்கிய வாடும் இலையைப் பார்த்துக் கல்லில் வாடாத இலையைச் செதுக்கினர்.

இவ்வாயில்களைப் பற்றி நம்மை நெடுநேரம் சிந்திக்க வைத்தது ஒன்று உண்டு. இவற்றுக்குக் கதவு கிடையாது. கோட்டை வாயிலுக்குக் கதவும் தாழும் உண்டு. வீட்டு வாயிலுக்கும் உண்டு. தோரணத்துக்கு மூடுவதற்கென எதுவுமில்லை. அது ஒருவரைத் தடுப்பதற்காக எழுந்ததன்று. இங்கே நுழைக என்று சொல்வதற்காகவே எழுந்தது. வாரங்கல் கோட்டையில் காகதீயர் காலத்துத் தோரணங்கள் நான்கு நிற்கின்றன. அவை சூழ்ந்திருந்த பெருங்கோயில் இடிந்து கற்குவியலாகிவிட்டது. நான்கு திசையிலும் வாயில்கள் மட்டும் எஞ்சியுள்ளன. 2014-இல் தெலங்கானா மாநிலம் உருவானபோது அதன் அரசுச் சின்னத்தில் இத்தோரணம் இடம்பெற்றது. உள்ளே செல்ல வீடில்லாதபோதும் வரவேற்றுக்கொண்டே நிற்பது ஒரு விந்தைதான். கதவில்லாத வாயில், வீடில்லாத வரவேற்பு என்றெல்லாம் சிந்தித்துக்கொண்டிருந்தபோது, கதவில்லாத வாயிலைக் கொண்டும் ஒருவரை வெளியே நிறுத்த முடியும் என்பது நம் நினைவுக்கு வந்தது. அதைச் செய்தவர்களுள் நாமும் ஒருவர்.

அதற்கு முன் அகராதியில் கண்ட இன்னும் சில பொருள்களைச் சொல்லிவிடுகிறோம். வடமொழி அகராதிகள் தோரணத்துக்குக் கழுத்து என்றும் ஒரு பொருள் தருகின்றன. நீராடும் துறைக்கு அடையாளமாக எழுப்பும் மேடு என்பது மற்றொரு பொருள். பெரிய தராசைத் தாங்கி நிற்கும் சட்டம் என்பது வேறொன்று. கடைசியாகச் சொன்னதைப் படித்ததும் ஒரு கணம் வியந்தோம். பிறகு, வியக்க என்ன இருக்கிறது என்று தோன்றிற்று. இரு கால்கள், மேலே ஒரு விட்டம்: வரவேற்கும் வாயிலுக்கும் நிறுக்கும் தராசுக்கும் உருவம் ஒன்றே. ஹம்பியில் விட்டலர் கோயிலுக்கு அருகே இதனைக் கண்ணாரக் காணலாம். உயர்ந்த இரு கற்றூண்கள். அவற்றின்மேல் கல் விட்டம். விட்டத்தின் அடியில் தராசு தொங்கவிடுவதற்கான வளையங்கள். தூரத்திலிருந்து பார்ப்பவர் அதனை வாயில் என்றே கொள்வர். விசயநகர அரசர் ஒரு தட்டில் அமர்ந்து, மறுதட்டில் பொன்னும் மணியும் இட்டு எடைக்கு எடை தானம் வழங்கிய துலாபுருட தானத்துக்குரிய இடம் அது. அரசனுடைய கொடையை அங்கே நிறுத்தார்கள். அரசனை நிறுத்தார்களா என்று கேட்க அந்நாளில் யாருக்குத் துணிவிருந்திருக்கும்!

பேச்சு வழக்கில் வேறு பொருளும் உண்டு. மழைக்காலத்தில் வீடெங்கும் ஈரத் துணிகள் தொங்கினால், "தோரணம் கட்டியிருக்கிறது" என்று வீட்டிலுள்ளோர் அலுத்துக்கொள்வர். ஒலியால் நெருங்கியிருக்கும் 'தோரணை' வேறு வேரினின்று வந்தது என்பர். வேர் வேறானாலும், விழாக் காலங்களில் இவ்விரு சொற்களும் ஒரே மேடையில் அமர்ந்திருப்பதை நாம் அடிக்கடி காண்கிறோம்.

இனி அந்த நினைவுக்கு வருகிறோம்.

1999-ஆம் ஆண்டு. குருவாகத் திருநிலைப்பாடு பெற்று ஓராண்டு கழிந்திருந்தது. ஒரு கிராமப் பங்கில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தோம். ஊரின் பெயர் இங்கு வேண்டா. ஆலயத்தினின்று ஒரு நேர்த்தெரு புறப்பட்டு ஒரு புளியமரம்வரை செல்லும். மரத்தைக் கடந்தால் வாய்க்கால். வாய்க்காலுக்கு அப்பால் தலித் மக்கள் வாழ்ந்த தெரு. அவர்களும் நம் பங்கினரே. திருமுழுக்குப் பதிவேட்டில் அவர்கள் குடும்பங்களின் பெயர்கள் மற்றவர்களுடையதைப் போலவே பல தலைமுறைகளாக இருந்தன. திருவிழாவுக்கு மரமேறிக் குருத்து வெட்டியவர்கள் அவர்கள். ஆலய முற்றத்தில் அமர்ந்து இரவெல்லாம் ஓலை மடித்தவர்களும் அவர்களே.

அவர்களுள் முதியவர் ஒருவர் நமக்கு ஓலை மடிக்கக் கற்றுத் தந்தார். நம் விரல்கள் புத்தகம் புரட்டியே பழகியவை. நாம் செய்த குருவி குருவியாக வரவில்லை. அவர் சிரிக்கவில்லை; பிரித்து மீண்டும் மடித்துக் காட்டினார். நல்ல காரியத்துக்கு நான்கு குருவி மடிக்க வேண்டும், தலை மேலே நிமிர்ந்திருக்க வேண்டும். துக்க வீட்டுக்கு மூன்று, தலை கீழே தொங்க வேண்டும் என்று சொல்லித் தந்தார். ஓலை ஒன்றே, கை ஒன்றே, மடிப்பில்தான் வேறுபாடு. குருத்தோலை ஞாயிறன்று சிலுவையாக முடைந்து கையில் பிடிக்கும் ஓலையும் அதுவே. ஓராண்டு சுவரில் செருகியிருந்து, உலர்ந்து, சாம்பற்புதனன்று நெற்றியில் சாம்பலாக வந்து சேர்வதும் அதுவே. இந்நாளில் கடைகளில் விற்கும் வாடாத தோரணங்களைக் காணும்போது, வாட அறியாத ஒன்று எப்படி வரவேற்கும் என்று கேட்கத் தோன்றும். 2019 சனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாட்டில் பிளாஸ்டிக் கொடிகளுக்குத் தடை வந்தபோது, ஓலைக்கு மீண்டும் காலம் வந்தது என்று மகிழ்ந்தோம். மகிழ்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. அது வேறு கதை.

விழாவுக்கு முந்திய நாள் தோரணம் கட்டும் மேற்பார்வை நம்மிடம் விடப்பட்டிருந்தது. ஆலய வாயிலில் தொடங்கினோம். தெருவின் இருமருங்கும் கம்பம் நட்டு, குறுக்கும் நெடுக்குமாகக் கயிறு இழுத்துக் கட்டிக்கொண்டே சென்று புளியமரத்தை அடைந்தோம். அங்கே கயிற்றைச் சுற்றி முடிச்சிட்டார்கள். நாம் வாய்க்காலுக்கு அப்பால் பார்த்தோம். நாம் பார்த்ததைக் கண்ட ஊர்ப் பெரியவர் ஒருவர் அருகில் வந்து, தாழ்ந்த குரலில், "இதுவரைக்கும்தான் வழக்கம் சாமி" என்றார். குரலில் கடுமையில்லை; மணி என்ன என்று சொல்வது போலவே சொன்னார். தேரும் அம்மரத்தடியில்தான் திரும்பும் என்பது நமக்கு முன்பே தெரியும். மறுநாள் விழா. பங்குத்தந்தை வெளியூர் சென்றிருந்தார். நமக்கு வயது இருபத்தெட்டு. இவையெல்லாம் காரணங்களாக அப்போது நம் மனத்தில் வரிசையாக வந்து நின்றன. நாம் வாய் திறக்கவில்லை.

ஓலை மடித்த முதியவர் வாய்க்காலின் இக்கரையில் நின்றுகொண்டிருந்தார். முடிச்சைப் பார்த்தார், நம்மைப் பார்த்தார். பிறகு, "கயிறு பத்தலீங்களா சாமி?" என்று கேட்டார்.

நாம், "ஆமாம் பெரியவரே, பத்தவில்லை" என்றோம்.

அவர் தலையசைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் விழா சிறப்பாக நடந்தது.

குருமடத்தில் அறநெறி இறையியல் பாடத்தில் பொய்யைப் பற்றி முறையாகக் கற்றிருந்தோம். புனித அகுஸ்தீனார் இதற்கென்றே இரு நூல்கள் எழுதினார்; எந்நோக்கத்துக்காகவும் பொய் ஆகாது என்பது அவர் துணிபு. புனித அக்குவினா தோமையார் அவரைப் பின்பற்றினார். பொய்யை உதவிக்காகச் சொல்வது, வேடிக்கைக்காகச் சொல்வது, தீங்குக்காகச் சொல்வது என மூவகைப்படுத்தி, மூன்றும் குற்றமே, குற்றத்தின் அளவுதான் வேறு என்றார். வள்ளுவர் சற்றே நெகிழ்ந்து கொடுப்பார். குற்றமற்ற நன்மை விளையுமாயின் பொய்யும் மெய்யின் இடத்தில் வைக்கத் தகும் என்பது அவர் கருத்து. நாம் தேர்வுத்தாளில் இவர்களை ஒப்பிட்டு எழுதி நல்ல மதிப்பெண்ணும் பெற்றவர்கள். ஆனால் அந்தப் புளியமரத்தடியில் சொன்ன ஒரு சொல்லை இவ்வகைகளுள் எதில் வைப்பது என்று இன்றுவரை நமக்குத் தெளிவாகவில்லை. உதவிக்குச் சொன்ன பொய் என்றால், உதவி யாருக்கு? முதியவர் மனம் நோகாதிருக்கச் சொன்னோம் என்று பல நாள் நம்மைத் தேற்றிக்கொண்டோம். நோகாதிருக்க வேண்டியது நம் மனமே என்பதை ஒப்புக்கொள்ள மேலும் பல நாள் ஆயிற்று.

இங்கே அறிவுடையோர் ஒரு மறுப்பை எழுப்பலாம். எந்தத் தோரணமும் எங்கேனும் ஓரிடத்தில் முடியத்தானே வேண்டும்? உலகம் முழுவதும் கயிறு கட்ட யாரால் இயலும்? வாயில் என்ற ஒன்று இருந்தால் உள், வெளி என்னும் பிரிவு வந்தே தீரும். விருந்தோம்பலுக்கும் எல்லை உண்டு. எல்லையில்லாத வரவேற்பு யாரையும் வரவேற்காது. இம்மறுப்பில் உண்மை உண்டு. நாம் இதனை எளிதாகத் தள்ளிவிட விரும்பவில்லை. நம் பங்கின் எல்லைக்கு அப்பாலுள்ள ஊருக்கு நாம் தோரணம் கட்டாததை யாரும் பழிக்கமாட்டார். கயிறு தீர்ந்த இடத்தில் தோரணம் தீர்ந்தால் அதில் இழிவில்லை. ஏழை வீட்டு வாசலில் இரண்டு மாவிலை மட்டுமே தொங்குகிறது, அதுவும் முழுமையான தோரணமே.

ஆனால் கயிறு இருக்கும்போது தோரணம் தீர்ந்தால் அது வேறு. அங்கே முடிவது கயிறன்று. அப்போது கட்டியவரை எல்லாம் வரவேற்பாகவும், நின்ற இடம் மட்டும் எல்லையாகவும் இருப்பதில்லை. ஆலய வாயிலிலிருந்து தொடங்கி அந்தத் தோரணம் முழுவதுமே வேலியாகிவிடுகிறது. இதனைத் தெருவின் உள்ளே நிற்பவன் காணமாட்டான். அவன் தலைக்கு மேலே குருவிகள் காற்றில் ஆடும். அவனுக்கு அது அழகு. முடிச்சின் மறுபுறம் நிற்பவனுக்கே அதன் மறுபொருள் தெரியும். அகராதி எழுதுவோர் இரு பக்கத்திலும் நின்று கேட்டு எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

சாஞ்சியை மீண்டும் நினைத்துக்கொள்கிறோம். செதுக்கியவர் தம் செயலை அந்த வாயிலிலேயே பொறித்து வைத்தனர். வந்தவர் போனவர் எல்லாரும் அதன் கீழேதான் நடந்தனர். நம் ஊரில் ஓலை மடித்தவருடைய பெயர் எங்கும் இல்லை. இக்கட்டுரையிலும் இல்லை; அதற்குக் காரணம் வேறு என்றாலும், எழுதும்போது உறுத்தத்தான் செய்கிறது.

அடுத்த திருவிழாவுக்கு முன்பே நமக்குப் பணிமாற்றம் வந்துவிட்டது. அதன்பின் பணியாற்றிய பங்குகளிலெல்லாம் தோரணக் கயிற்றை நாமே அளந்து வாங்குவதை வழக்கமாக்கிக்கொண்டோம். எந்தத் தெருவின் எந்தக் கடைசி வீடு என்று உபதேசியாரிடம் கேட்டு எழுதிக்கொள்வோம். சாமியாருக்குக் கயிற்றுப் பைத்தியம் என்று கேலி பேசுவதும் நம் காதில் விழுந்திருக்கிறது. ஓரிடத்தில் இதனால் விழாக் குழு இரண்டாகி, அவ்வாண்டுத் தேர் நிலையைவிட்டு நகரவில்லை. அதை வெற்றி என்றும் சொல்ல மாட்டோம்; தேர் பார்க்க ஆசையோடு வந்த குழந்தைகள் அந்தத் தெருவிலும் இருந்தார்கள்.

2011-இல் அம்முதியவர் இறந்த செய்தி, பழைய பங்கிலிருந்து ஒருவர் வழியாக நமக்கு வந்தது. அடக்கத்துக்குச் சென்றோம். வாய்க்காலைக் கடந்து அந்தத் தெருவுக்குள் நுழைந்தபோது, அவர் வீட்டின் முன் போட்டிருந்த பந்தலில் ஓலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். மூன்று மூன்றாக, தலை கீழாக. அந்தத் தெருவில் நாம் கண்ட முதல் தோரணம் அது. அவருடைய மூத்த மகன் நாற்காலி கொண்டுவந்து போட்டார். செபம் முடிந்து, புறப்படும் வேளையில், பன்னிரண்டு ஆண்டுகளாகச் சுமந்ததை அவரிடம் சொன்னோம். அன்று கயிறு போதவில்லை என்று உங்கள் தந்தையிடம் சொன்னோம், அது உண்மையன்று என்றோம்.

அவர் சற்று நேரம் பேசாதிருந்தார். "அப்பாவுக்குத் தெரியுங்க சாமி" என்றார். "மிச்சக் கயிறு ரெண்டு சுருள் இருந்துச்சாம். கோயில் சரக்கறையில அவருதான் எடுத்து வச்சாராம்."